ராணுவ ஏல டிரக்குக்கு எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் பொருத்துவது எப்படி: ஏற்காடு மலைப்பாதையில் பட்ட பாடு

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். என்னிடம் இருக்கும் நிசான் ஒன் டன் டிரக், ஏப்ரல், மே மாதங்களில் அவற்றில் பதினொன்றுக்கு மேல் ஏற ஒருமுறைகூடச் சம்மதித்ததில்லை. ஜபல்பூர் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. ஆறு சிலிண்டர், 3956 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இழுவையில் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறியதும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மட்டும் வந்து சேராது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, அரை மணி நேரம் சுவரில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ் ஓட்டுநர்களின் இலவச ஆலோசனைகளைக் கேட்டுவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும்.

எலெக்ட்ரிக் பம்ப் பொருத்தினால் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். தீர்ந்தது உண்மைதான். ஆனால் இரண்டு நாள் வேலை எனக்கு நான்கு மாதம் இழுத்தது. தவறான பம்ப் ஒன்று, தவறான ஹோஸ் ஒரு சுருள், ஒருமுறை வண்டியைக் கட்டி இழுத்து இறக்கிய கூலி என்று 6,340 ரூபாய் வீணானது. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஜோங்கா என்ற ராணுவ வண்டி, பெட்ரோல் ஜீப், போர்க்கால டாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டீசல் எஞ்சின் மாற்றிவிட்டவர்களுக்கு இதில் வேலை இல்லை.

1. முதலில், பழுது பம்பில்தானா என்று பாருங்கள்

புதிய பம்ப் வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன் இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இதில் செலவு எதுவும் இல்லை.

வண்டி சூட்டில் நின்றதும் ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. குற்றவாளி வேறு. பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பழையதானால், சூடேறும்போது செத்துப்போவதும், ஆறியதும் உயிர்பெறுவதும் வழக்கம். அறிகுறிகள் அப்படியே பம்ப் பழுது போலவே இருக்கும். காயிலை மாற்றாமல் பம்பை மாற்றியவர்களை நான் அறிவேன்.

பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி சரியாக ஓடினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசி ஒன்று போதும்.

அடுத்து, பம்புக்கு முந்தைய குழாய். பம்பின் வெளிவாய்க் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சுற்றும் முன் இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிடுங்கள். குமிழிகளோடு பெட்ரோல் வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது. பெரும்பாலும் வெடித்த ரப்பர் ஹோஸ்தான். இதைச் சரிசெய்யாமல் எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் அதுவும் காற்றைத்தான் குடிக்கும்.

கடைசியாக எஞ்சின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பழைய பம்பின் டயாபிரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்து, பெட்ரோல் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து, சூட்டிலும் ஏற்றத்திலும் மட்டும் வண்டி நிற்கிறது என்றால், குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டுகிறது. பழைய பம்ப் எஞ்சினோடு ஒட்டி, எஞ்சின் சுழற்சியிலேயே இயங்குகிறது. டேங்கிலிருந்து நீண்ட குழாய் வழியே பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சேலத்தில் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் கிளம்பி, ஏற்காட்டில் 1,500 மீட்டரைத் தொடும்போது காற்றழுத்தம் வேறு குறைகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், அந்தக் காலப் பெட்ரோலைவிடச் சுலபமாக ஆவியாகிறது. பம்பை டேங்க் அருகே கொண்டுபோய் வைத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளச் செய்தால் குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும், குமிழி கட்டாது. எலெக்ட்ரிக் பம்பின் பயன் இதுதான். எனவே எலெக்ட்ரிக் பம்பை எஞ்சின் அறைக்குள் பொருத்துவதில் பொருளே இல்லை. எனக்கு முதலில் பொருத்திக் கொடுத்தவர் அங்கேதான் பொருத்தினார், வயர் மிச்சமாகிறதாம்.

2. வோல்ட்டும் எர்த்தும்

பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்து அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். என் வண்டி 12 வோல்ட். ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் சாதாரணம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப், டாட்ஜ் போன்றவை 6 வோல்ட்டில் வந்தவை. இடையில் எத்தனை கை மாறியதோ, யார் எதை மாற்றினார்களோ, புத்தகத்தை நம்ப முடியாது.

24 வோல்ட் வண்டியில் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று. கேட்காதீர்கள். ஒரு பேட்டரி வற்றும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும், ஆறு மாதத்தில் இரண்டையும் மாற்றுவீர்கள். 24 வோல்ட் பம்பாகவே வாங்குங்கள்.

பேட்டரியின் எந்த முனை சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த். டிரான்சிஸ்டர் வைத்த இன்றைய பம்புகள் தலைகீழாக இணைத்தால் அந்த நொடியே போய்விடும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

3. பம்ப் தேர்வு: அழுத்தம்தான் எல்லாம்

என் பணம் போன இடம் இது. கடையில் "எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்" என்று கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள். அது இன்ஜெக்ஷன் வண்டிகளின் பம்ப். அவை 40 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அளவில் தள்ளுபவை. நம் கார்புரேட்டருக்குத் தேவை இரண்டரை முதல் நான்கு பி.எஸ்.ஐ. மட்டுமே. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் அறையின் நீடில் வால்வ் (வழியை மூடித் திறக்கும் ஊசி) அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. சாவியைத் திருப்பிய பத்து நொடியில் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, பெட்ரோல் மேனிஃபோல்டில் சொட்டியது. அன்று தீப்பிடிக்காதது என் புத்திசாலித்தனத்தால் அல்ல.

ஆகவே கேட்க வேண்டிய சொற்கள்: "கார்புரேட்டர் வண்டிக்கான லோ பிரஷர் பம்ப்". பெட்டியின் மேல் அழுத்தம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அச்சிடாத பம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான்கு பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகும் பம்ப் என்றால், கூடவே பிரஷர் ரெகுலேட்டர் ஒன்றும் வேண்டும். நான் ரெகுலேட்டரோடுதான் ஓட்டுகிறேன், மூன்றில் வைத்திருக்கிறேன்.

எவ்வளவு பெட்ரோல் தள்ள வேண்டும் என்பது பலரைக் குழப்புகிறது. நான்கு லிட்டர் எஞ்சின் முழுச் சுமையில் ஏறும்போதுகூட மணிக்கு 30 லிட்டரை ஒட்டித்தான் குடிக்கும். மணிக்கு 60 லிட்டர் தள்ளும் பம்ப் தாராளம். "பெரிய வண்டிக்குப் பெரிய பம்ப்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

பம்புகளில் இரண்டு வகை. டிக் டிக் என்று அடிக்கும் சாலினாய்ட் வகை. ரீங்காரமிடும் மோட்டார் வகை. முதல் வகையைப் பரிந்துரைக்கிறேன். கார்புரேட்டர் நிரம்பியதும் அதன் அடி தானாக மெதுவாகும். அந்தச் சத்தத்தைக் கேட்டே எரிபொருள் ஓட்டத்தின் நிலையைச் சொல்லிவிடலாம். பின்னிருக்கைக்காரர்களுக்கு அது தொல்லை. எனக்கு அது ஸ்டெதாஸ்கோப்.

4. மற்ற சாமான்கள்

ஹோஸ் பற்றி ஒரே விதி: ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவது அதுதான். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் ஐந்து ரோடு பக்கமும் நான் ஏறி இறங்கிய கடைகளில் "பெட்ரோல் ஹோஸ்தான் சார், எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். எல்லாம் ஒன்றல்ல. முதலில் வாங்கிய சாதாரண ஹோஸ் இரண்டே மாதத்தில் உள்ளே உப்பி, உரிந்து, கருப்புத் துகளாகக் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்கார்ந்தது. சரியானதை இணையத்தில் வரவழைத்தேன்; வந்து சேர ஐந்து நாள் ஆனது. உள்விட்டம் 8 மி.மீ. பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. உங்கள் குழாயை அளந்துவிட்டு வாங்குங்கள்.

டேங்கிலிருந்து எஞ்சின் வரை முழுவதும் ஹோஸ் ஓட்ட வேண்டாம். பழைய இரும்புக் குழாய் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, இணைப்புகளில் மட்டும் ஹோஸ் போடுங்கள். குழாயைக் கழற்றி, காற்றடித்து, துரு கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் புதுக் குழாய்தான்.

ஃபில்டர் இரண்டு. பம்புக்கு முன் சொரசொரப்பான வலை வகை. பம்புக்குப் பின் நுண்ணிய வகை. இடம் மாற்றிப் போட்டால் பம்ப் மூச்சுத் திணறும். கண்ணாடி ஃபில்டரில் பெட்ரோல் ஓடுவது பார்க்க அழகுதான், ஆனால் மலைப்பாதை அதிர்வில் விரிசல் விடும். உலோக உடல் கொண்டதை வாங்குங்கள்.

வாங்க வேண்டிய மின்சாதனங்கள்: நான்கு கால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று, அதற்கான சாக்கெட், 5 ஆம்பியர் ஃபியூஸ், மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்ச், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஒரு புஷ் பட்டன், 2.5 சதுர மி.மீ. வயர்.

இவற்றில் ஆயில் பிரஷர் சுவிட்சில்தான் ஏமாறுவீர்கள். வண்டிகளில் எச்சரிக்கை விளக்குக்காக இருக்கும் சுவிட்ச், அழுத்தம் இல்லாதபோது இணைப்பு கொடுக்கும். எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்க, நமக்கு வேண்டியது நேர்மாறானது, அழுத்தம் வந்தால் மட்டும் இணைப்பு கொடுப்பது. ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் இதை விளக்கி நான் களைத்துப்போனேன். கடைசியில் கிடைத்த இடம் ஜெனரேட்டர் உதிரிபாகக் கடை. ஜெனரேட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டருக்கு இந்த வகைதான் போடுகிறார்கள். குறைந்த அழுத்தத்திலேயே இணைவதாகக் கேளுங்கள். தேய்ந்த எஞ்சின் சூடாகி ஐடிலில் (வண்டி நிற்க, மெதுவாக) ஓடும்போது ஆயில் அழுத்தம் மிகவும் இறங்கும். சுவிட்ச் விட்டுப்போனால் சிக்னலில் வண்டி நிற்கும்.

5. ஆவணங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறிப்போகும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் வகை, எஞ்சின் எண், இருக்கைகள் போன்றவை அதில் அடங்கும். பெட்ரோல் பம்பை மாற்றினால் அவற்றில் எதுவும் மாறுவதில்லை. டீசல் எஞ்சினோ எரிவாயுவோ மாற்றுவது முற்றிலும் வேறு கதை. அதற்கு முன் அனுமதி தேவை.

ஆனாலும் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்று, ராணுவ ஏலத்தில் வண்டியை விடுவித்த காகிதம், காப்பீடு, புகைச் சான்று, பம்ப் வாங்கிய ரசீது, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பம்ப் மாற்றியதைத் தெரிவித்துவிடுங்கள். தீ விபத்து என்று பிற்பாடு வந்து நின்றால் அவர்கள் தேடும் முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். காசு செலவில்லாத காரியம்.

பதிவுப் புதுப்பிப்பு நெருங்குகிறது என்றால் பம்ப் வேலையை முன்னதாகவே முடித்துச் சோதித்துவிடுங்கள். பெட்ரோல் கசியும் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோவது வீண் நடை. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கையின்படி, 20 ஆண்டு கடந்த இலகுரக வாகனங்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இன்னொன்று, பம்ப் அழுத்தம் அதிகமாகி ஃப்ளோட் அறை நிரம்பினால் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு எகிறும். 2000க்கு முந்தைய பெட்ரோல் நான்கு சக்கர வண்டிக்கு வரம்பு 3 சதவீதம்.

50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் பதிவில் கொண்டுவர நினைப்பவர்கள் மட்டும் நிதானிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத, சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான் அது கிடைக்கும். விண்ணப்பம் படிவம் 20இல். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதி. எனவே, நீங்கள் செய்யும் எதுவும் ஒரே நாளில் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும். எதையும் வெட்டாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், பழைய பம்பைக் காயலான் கடையில் போடாதீர்கள்.

6. பழைய பம்பைக் கழற்றுதல்

நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ஏ.சி. பம்ப் என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் உறவில்லை.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். குண்டு பல்பு கட்டிய கை விளக்கு வேண்டாம். பட்டறையில் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி வேலை செய்யவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் இறங்கித் தங்கும். திறந்தவெளியே நல்லது. டேங்கிலிருந்து வடிக்கும் பெட்ரோலை உலோகக் கேனில் பிடியுங்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

பம்பை இரண்டு போல்ட் பிடித்திருக்கும். கழற்றியதும் எஞ்சினில் ஓர் ஓட்டை தெரியும். அதை 3 மி.மீ. இரும்புத் தகட்டால் மூட வேண்டும். பழைய கேஸ்கெட்டை அச்சாக வைத்து லேத் பட்டறையில் வெட்டித் தருவார்கள். ஒரு மாலை நேரம், 250 ரூபாய். இங்கே ஒரு பொறி உண்டு: பம்பின் பட்டை தடிமனானது, தகடோ மெல்லியது. பழைய போல்ட்டையே போட்டால் அது அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியதுபோல் தோன்றும், ஆயில் கசியும். இன்னும் முறுக்கினால் எஞ்சின் பிளாக்கின் மரை போகும். நீளம் குறைந்த போல்ட் வாங்குங்கள்.

பழைய பம்பை அப்படியே வைத்துக்கொண்டு, எலெக்ட்ரிக் பம்பிலிருந்து வரும் பெட்ரோலை அதன் வழியே அனுப்பலாம் என்று யோசனை சொல்வார்கள். ஒன்று பழுதானால் மற்றது உதவுமாம். டயாபிரம் கிழிந்தால் எலெக்ட்ரிக் பம்ப் டேங்க் பெட்ரோலை முழுவதும் சம்ப்புக்குள் தள்ளிவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. பழைய பம்ப் எஞ்சினில் இருந்தாலும் சரி, பெட்ரோல் அதன் வழியே போகக் கூடாது.

சில பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்போடு, வைப்பருக்கான வேக்குவம் பம்பும் ஒரே உடலில் இருக்கும். அதைக் கழற்றினால் மழையில் வைப்பர் தளர்ந்துபோகும். அப்படிப்பட்ட பம்ப் என்றால் எஞ்சினிலேயே விட்டுவிட்டு, பெட்ரோல் வாய்களை மட்டும் மூடிவிடுங்கள்.

7. புதிய பம்பைப் பொருத்துதல்

டேங்குக்கு அருகில், முடிந்த அளவு தாழ்வாக, சைலன்சர் குழாயின் எதிர்ப்பக்கம், சேஸிஸின் உள்முகத்தில். இந்த நான்கும் பொருந்தும் இடத்தைத் தேடுங்கள். சேஸிஸில் புதிதாக ஓட்டை போடாதீர்கள். ராணுவ வண்டிகளில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு சிறு பிராக்கெட் செய்து, அதில் ரப்பர் புஷ் வைத்துப் பம்பை மாட்டினால் அதிர்வும் சத்தமும் குறையும்.

பம்பின் உடலில் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், இரவில் டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்தால் இதுவும் தவறும். ஹோஸ் முனையில் ஒட்டுப் பசை, நூல், டேப் எதுவும் வேண்டாம். குழாய் முனையில் விளிம்பு தூக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸ் நழுவும். விளிம்பு சீரான, இன்ஜெக்ஷன் வகைக் கிளிப் போடுங்கள். திருகை முறுக்கி இறுக்கும் புழு மரை கிளிப் ஹோஸை அறுக்கிறது.

8. வயரிங்

எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தாலும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். சாவியிலிருந்து நேராகப் பம்புக்கு ஒரு வயர் இழுத்துவிட்டு "முடிந்தது" என்பார். வண்டி ஓடும். ஆனால் விபத்தில் வண்டி கவிழ்ந்து, சாவி ஆன் நிலையில் இருந்தால், எஞ்சின் நின்ற பின்னும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய ஏ.சி. பம்பில் இந்த ஆபத்து இல்லை. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். அந்தக் குணத்தை வயரிங்கில் கொண்டுவருவதுதான் நம் வேலை.

ரிலேயில் 30 என்று எண்ணிட்ட காலுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மின்சாரம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 87இலிருந்து பம்பின் பாசிட்டிவுக்கு. 86க்கு சாவியிலிருந்து, இனெர்ஷியா சுவிட்ச் வழியாக. 85 ஆயில் பிரஷர் சுவிட்சுக்குப் போகிறது. சுவிட்சின் உடல் எஞ்சினில் மரையேறி இருப்பதால் அதுவே எர்த். அழுத்தம் வந்தால் ரிலே இணையும். எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கினால் ரிலே விடும். ஓடும்போது ஆயில் அழுத்தம் போனாலும் எஞ்சின் நின்றுவிடும் என்பது கூடுதல் லாபம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஆயில் அழுத்தம் இருக்காதே? அதற்குத்தான் புஷ் பட்டன். 85இலிருந்து இன்னொரு வயர் எடுத்து பட்டன் வழியாக எர்த் கொடுங்கள். சாவியைத் திருப்பி, பட்டனை அழுத்தினால் பம்ப் அடிக்கும். அடி மெதுவானதும் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டிக்கு இது வரப்பிரசாதம். ஸ்டார்ட்டரைச் சுற்றிச் சுற்றி பேட்டரியைக் கொல்ல வேண்டியதில்லை. அழுத்தினால் ஆன் நிலையிலேயே தங்கிவிடும் சுவிட்ச் வேண்டாம், விட்டால் விடுபடும் பட்டன்தான் வேண்டும்.

ஆயில் சுவிட்சின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காது. எனக்கு அரை நாள் போனது இதில்தான். பம்பின் நெகட்டிவ் வயரையும் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். ராணுவப் பச்சை எத்தனை பூச்சு இருக்கிறது என்பது சுரண்டும்போது தெரியும்.

9. மலைக்குப் போவதற்கு முன் சோதனை

கார்புரேட்டர் முனைக் குழாயைக் கழற்றி உலோகக் கேனுக்குள் விட்டு, பட்டனை அழுத்துங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் வந்தால் போதுமானது. பிறகு T வடிவ டீ இணைப்பு ஒன்று வைத்து பிரஷர் கேஜ் மாட்டி, குழாயைச் சேர்த்துப் பாருங்கள். மூன்றை ஒட்டி நிற்க வேண்டும். பட்டனை ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு, டேங்கிலிருந்து எஞ்சின் வரை ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அடி மெதுவாகாமல் வேகமாகவே அடித்துக்கொண்டிருந்தால் இரண்டு காரணங்கள்: டேங்க் காலி, அல்லது காற்று புகுகிறது. அடி மெதுவானபின்னும் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் நீடில் வால்வ் தேய்ந்திருக்கிறது. அதைப் பம்பின் தலையில் போடாதீர்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, இனெர்ஷியா சுவிட்சைக் கழற்றிக் கையில் தட்டுங்கள். பம்ப் நிற்க வேண்டும். அதை மீட்டமைத்த பின், எஞ்சினை நிறுத்திவிட்டு சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். பம்ப் அடிக்கக் கூடாது. இந்த இரண்டும் நடக்காத வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.

முதல் வாரம் நகருக்குள் மட்டும் ஓட்டினேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு, திரும்ப வீடு. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரம். சனி, ஞாயிறிலும் மே மாதக் கோடை விழா நாட்களிலும் சோதனை ஓட்டம் வேண்டாம். வளைவில் நின்றுவிட்டால் பின்னால் நிற்கும் ஐம்பது வண்டிகளும் உங்களைத்தான் வாழ்த்தும். இரண்டாம் முறை வேண்டுமென்றே பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறினேன். பதினொன்றாவது வளைவில் சுவரைப் பார்த்தேன்; வண்டி அதைப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூட்டில் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்புகிறதா என்பது ஏறுவதைவிடக் கடுமையான சோதனை.

10. செலவும் காலமும்

என் ரசீதுகளின்படி: பம்ப் 3,400, ரெகுலேட்டர் 1,450, ஹோஸ் நான்கு மீட்டர் 1,520, கிளிப்புகள் 300, ஃபில்டர்கள் 300, ரிலேயும் சாக்கெட்டும் 260, ஃபியூஸ் 90, ஆயில் சுவிட்சும் பித்தளை டீயும் 700, இனெர்ஷியா சுவிட்ச் 1,100, வயரும் பட்டனும் 620, தகடு 250, ரப்பர் புஷ் 160, எலெக்ட்ரீஷியன் கூலி 1,000. மொத்தம் 11,150 ரூபாய். இதில் குறைக்க நினைத்தால் ரெகுலேட்டரில் குறைக்கலாம், அழுத்தம் சரியான பம்பாகவே கிடைத்தால். ஹோஸிலும் இனெர்ஷியா சுவிட்சிலும் கை வைக்காதீர்கள்.

சாமான்கள் சேர ஒரு வாரம் முதல் பத்து நாள். அவை எல்லாம் கையில் வந்த பிறகே பழைய பம்பைக் கழற்றுங்கள். பாதியில் நிற்கும் வண்டி பட்டறையில் மூலைக்குத் தள்ளப்படும், பிறகு அதன் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பொருத்த ஒன்றரை நாள், சோதனைக்கு அரை நாள்.

500 கி.மீ. ஓடியதும் முதல் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். என்னுடையதில் ஒரு தேக்கரண்டித் துரு இருந்தது. இரண்டாவதாகப் போட்டது சுத்தமாக வந்தது. வண்டியில் நான் எப்போதும் வைத்திருப்பவை: ஒரு ரிலே, மூன்று ஃபியூஸ், அரை மீட்டர் ஹோஸ், நான்கு கிளிப். புது டயாபிரம் போட்ட பழைய ஏ.சி. பம்ப், அதன் நீள போல்ட்டுகளோடு, பழைய சாக்கில் சுற்றி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது.